பழைய லேப்டாப்புக்கு ராம் (மெமரி) வாங்கி 650 ரேண்ட் போச்சு, டர்பன்காரங்க கவனம்

கை இன்னும் நடுங்குது, அவ்வளவு ஆத்திரம். இங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல, ராம் வாங்கின கடைக்கு மூணாவது தடவையா போய் வெறுங்கையோட திரும்பி வந்த கையோட எழுதுறேன். 650 ரேண்ட்!

மகள் படிக்கிறது பழைய திங்க்பேட் எக்ஸ்240-ல. 4 ஜிபி ராம், அதை மாட்டுற ஸ்லாட் ஒண்ணே ஒண்ணு. 8 ஜிபி போட்டா இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிடலாம்னு, உள்ள இருந்த ராமைக் கழற்றி எடுத்துக்கிட்டு, டவுன்ல செகண்ட் ஹேண்ட் பார்ட்ஸ் விற்கிற ஒரு சின்னக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் வயசானவர். கல்லாவுக்கு மேல முருகன் படம், ஊதுபத்தி வாசம். என்னைப் பார்த்ததும் "வணக்கம்"னார். மத்ததெல்லாம் இங்கிலீஷ்தான். அவங்க முன்னோர் வட ஆற்காட்டுல இருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவங்களாம். நான் வேலூர்னு சொன்னதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். அந்த நிமிஷமே நம்பிட்டேன்.

ரெண்டு ராமையும் உள்ளங்கையில பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினார். நீளம் ஒண்ணு, விளிம்புல இருக்கிற வெட்டும் ஒரே இடத்துல. "ஆறு மாச வாரண்டி"ன்னு லேபிள் மேலயே கடை ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டினார். 650 ரேண்டை எண்ணிக் கொடுத்துட்டு வந்தேன்.

வீட்ல போட்டா ஃபேன் சுத்துது, திரை கறுப்பு. பழைய 4 ஜிபியை மாட்டினா உடனே உயிர் வருது. சந்தேகப்பட்டு ஸ்டிக்கரை நகத்தால உரிச்சேன். அடியில "பிசி3-12800எஸ்". என் பழசுல "பிசி3எல்-12800எஸ்". அந்த ஒரு எழுத்துதான் விஷயமே. எல் இருந்தா 1.35 வோல்ட்லயும் ஓடும், இல்லாட்டி 1.5 வோல்ட் வேணும். இந்த லேப்டாப் தர்றது 1.35 தான். ரெண்டுக்கும் அதே 204 பின், அதே வெட்டு. லேபிளைப் படிச்சாத்தான் தெரியும். அந்த லேபிளைத்தான் மனுஷன் மூடி வச்சார்.

திருப்பிக் கொடுக்கப் போன முதல் நாள் கடைப் பையன், "முதலாளி இல்ல, நாளைக்கு வாங்க"ன்னான். அடுத்த நாள் அவரே இருந்தார், "உங்க மதர்போர்டு போயிருக்கும்"னார். இன்னைக்கு லேப்டாப்பையே தூக்கிட்டுப் போய் அவர் கண்ணெதிர்ல போட்டுக் காட்டினேன். திரையைப் பார்க்கவே இல்லை. "ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு, வாரண்டி செல்லாது." உரிக்காம எப்படிங்க ஐயா பார்க்கிறதுன்னு கேட்டா, பணம் திரும்பத் தரப்படாதுங்கிற போர்டைக் கை காட்டுறார். 650 ரேண்ட் அவருக்கு ஒண்ணுமில்ல, எனக்கு அது ஒரு வார மளிகை.

இங்க 2008-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. கடையில வாங்கின பொருள் பழுதா இருந்தாலோ, கேட்ட வேலைக்கு உதவலைன்னாலோ ஆறு மாசத்துக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, வேற பொருளா, பணமான்னு சொல்ல வேண்டியது வாங்கினவங்கதான். சுவத்துல போர்டு மாட்டி அதைத் தட்டிக் கழிக்க முடியாது. புகார் எழுதப் போறேன்.

ராம் வாங்கப் போறவங்க லேப்டாப்பையும் கொண்டு போங்க, அங்கயே ஆன் பண்ணிப் பார்த்துட்டுக் காசு கொடுங்க. ஸ்டிக்கர் ஒட்டுறதுக்கு முன்னால லேபிளை போட்டோ எடுங்க. ரசீதுல முழு நம்பரையும் எழுதச் சொல்லுங்க, என் ரசீதுல "ராம் 650"ன்னு மட்டும்தான் இருக்கு. இன்னும் சொல்ல நினைச்சேன், முடியல. மகள் காலையில அசைன்மென்ட் அனுப்பணும், அதே 4 ஜிபியோட பக்கத்து ரூம்ல உட்கார்ந்து போராடிக்கிட்டு இருக்கா.