கெய்ரோவில் எதை வாங்குவது: பாப்பிரஸ் ஓவியமா, கயாமியாத் துணியா?

எகிப்துக்குப் போகிறவர்கள் வீட்டுச் சுவரில் மாட்ட எதையாவது வாங்க நினைத்தால், பெரும்பாலும் அது பாப்பிரஸ் என்ற கோரைச் செடியின் தாளில் தீட்டிய ஓவியமாகத்தான் இருக்கும். நான் வாங்கியது கயாமியா, அதாவது வண்ணத் துணிகளை வெட்டி இன்னொரு துணிமேல் கையால் தைத்துக் கோலமாக்கும் சுவர்த்துணி. யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

பாப்பிரஸை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. கீஸா பிரமிடுகளைப் பார்த்து முடித்ததும் வழிகாட்டியே காட்சிக்கூடத்துக்கு அழைத்துப் போவார். விற்பனையில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் விலையில் அதுவும் சேர்ந்திருக்கும். செய்முறை விளக்கம் பார்க்க அருமையாக இருக்கும். பாப்பிரஸ் செடித் தண்டின் பச்சைத் தோலைச் சீவி, உள்ளே இருக்கும் வெள்ளைத் தக்கையை நாடா நாடாவாக அரிந்து, ஊறவைத்து, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அழுத்தி உலர்த்துவார்கள். பல நூற்றாண்டுகளாக அற்றுப்போயிருந்த இந்த முறையை 1960களில் மீட்டெடுத்தவர் எகிப்தியப் பொறியாளர் ஹசன் ரகாப். அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. போலிகளும் நிறைய. நல்ல தாளை வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கு நெடுக்கு வரிகள் தெரியும், சுருட்டினாலும் உடையாது. வாழை நாரில் செய்தது வளைத்தால் விரிசல் விடும். தாள் அசலாக இருந்தாலும் படம் அச்சாக இருக்கலாம், அதையும் உற்றுப் பாருங்கள்.

கயாமியாவுக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். கான் எல் கலீலி சந்தையிலிருந்து முயிஸ் தெரு வழியாகத் தெற்கே வந்தால், 1092இல் கட்டிய பாப் ஸுவைலா வாயில் வரும். அதைத் தாண்டியதும் கூடாரம் தைப்பவர்களின் தெரு. கூரை போட்ட அந்தப் பழைய அங்காடியை 17ஆம் நூற்றாண்டில் கட்டியவர் ரித்வான் பே. இருபுறமும் சிறுசிறு கடைகள். கடைக்குள்ளேயே சம்மணமிட்டு உட்கார்ந்து ஆண்கள் தைத்துக்கொண்டிருப்பார்கள். காகிதத்தை மடித்துக் கோலம் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டி, தடித்த பருத்தித் துணியில் வடிவத்தை இறக்குவார்கள். பிறகு வண்ணத் துணியை வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, கையாலேயே தைத்து ஒட்டுவார்கள். தேர்களில் தொங்கும் தொம்பைகளை அருகில் பார்த்தவர்களுக்கு இந்த வேலை உடனே பிடிபடும். தாமரை, பறவைகள், மசூதிச் சுவர்களின் நட்சத்திரக் கட்டங்கள், அரபு எழுத்துகள் என்று பல வகை. கல்யாணம், துக்கம், ரமலான் எதுவானாலும் கெய்ரோ மக்கள் தெருவில் கட்டும் பந்தலுக்கு இந்தக் கோலங்கள்தான். இப்போது பந்தல்களில் அச்சுத்துணிதான் அதிகம். அதே அச்சுத்துணி கடைகளிலும் மலிவாகக் கிடைக்கும், ஏமாற வேண்டாம். துணியைத் திருப்பிப் பாருங்கள்: கைத்தையல் என்றால் பின்பக்கம் நூலோட்டம் வரிசையாகத் தெரியும்.

அழகில் இரண்டுமே குறைந்ததல்ல. என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பாப்பிரஸ் பல்லாயிரம் ஆண்டு தாங்கும் என்று கடைக்காரர் சொல்வார். பொய்யில்லை. செங்கடல் கரையில் வாடி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் கிடைத்த சுருள்கள் ஏறக்குறைய 4,500 ஆண்டுப் பழையவை. ஆனால் அவற்றைக் காப்பாற்றியது பாலைவனத்தின் வறட்சி. அதே எகிப்தில், நைல் டெல்டாவின் ஈர மண்ணில் பாப்பிரஸ் ஏறக்குறைய முழுவதுமே மக்கிவிட்டது. அங்கே மிஞ்சியவற்றில் பெரும்பகுதி தீயில் கருகியதால் பிழைத்தவை. எகிப்துக்குள்ளேயே இந்த நிலை என்றால், சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் ஐப்பசி கார்த்திகை மழையில் என்ன ஆகும்? ஈரம் இழுத்துத் தாள் நெளியும், கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். நண்பர் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். வந்த பூஞ்சையை வீட்டில் துடைத்து எடுக்கவும் முடியாது, சாயமும் கூடவே போகும்.

துணி அப்படியில்லை. அவ்வப்போது கழற்றி உதறி, நிழலில் காற்றாட விட்டால் போதும். தையல் விட்டால் ஊசி நூல் தெரிந்த யாரும் போட்டுவிடலாம். நேர்வெயில் மட்டும் ஆகாது, நிறம் வெளுக்கும். தண்ணீரில் நனைப்பதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பையும் கருநீலத்தையும் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் துவைக்காதீர்கள். என்னுடையது வந்து இன்னும் நாளாகவில்லை, அதனால் நீண்ட காலத்தில் நிறம் எப்படி நிற்கும் என்பதை என் அனுபவமாகச் சொல்ல மாட்டேன்.

விலையில் கயாமியா கூடுதல்தான். பெரிய சுவர்த்துணி வாரக்கணக்கில் தைப்பது. கையைக் கடித்தால் தலையணை உறை அளவில் வாங்குங்கள். 2024 மார்ச்சில் எகிப்திய பவுண்டின் மதிப்பு ஒரே நாளில் சரிந்தது, அதற்கு முந்தைய பயணக் குறிப்புகளில் இருக்கும் விலையை வைத்துப் பேரம் பேச வேண்டாம்.

பாப்பிரஸ்தான் வேண்டும் என்று மனம் நின்றால் சின்னதாக ஒன்று வாங்குங்கள். ஃபிரேம் போடும்போது தாளும் கண்ணாடியும் ஒட்டாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள், பின்னால் பசை தடவ விடாதீர்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாமல், உள்சுவரில் மாட்டுங்கள்.