மதர்போர்டு போகவில்லை, போனது என் பழைய ஹார்டு டிஸ்க்

யாங்கோனில் லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. மகாபந்தூலா ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது, முதலாளி நன்றாகத் தமிழ் பேசுவார். அந்தத் தமிழை நம்பித்தான் ரசீதுகூடக் கேட்காமல் கொடுத்தேன்.

நான் உளுந்து, பயறு ஏற்றுமதி செய்கிற இடத்தில் கணக்கு எழுதுகிறவன். லேப்டாப் 2018-இல் வாங்கியது, உள்ளே 1 டிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டதால் 11 போட்டுவிடலாம் என்று போனேன். "புதுசா எஸ்எஸ்டி ஒண்ணு மாட்டி அதுல ஏத்தித் தர்றேண்ணே, பறக்கும்" என்றார். எஸ்எஸ்டி என்றால் ஹார்டு டிஸ்க்கைவிட வேகமாக ஓடும் புதுவகை டிஸ்க். மொத்தம் 2,20,000 கியாட். சாயந்தரம் என் கண் முன்னால் ஆன் செய்து காட்டினார், பறக்கத்தான் செய்தது. "கீழ் மூடிய மாட்டிடறேன், எதிர்ல ஒரு டீ சாப்பிட்டு வாங்க" என்றார். டீக்குக் காசும் அவரே கொடுத்தனுப்பினார்.

வீட்டில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ஒரே வரி: "நோ பூட்டபிள் டிவைஸ்". அதாவது, விண்டோஸை எழுப்பிவிட எந்த டிஸ்க்கும் கிடைக்கவில்லையாம்.

மறுநாள் கடையில் பத்து நிமிஷம் உள்ளே வைத்திருந்துவிட்டு வந்தார். "கரண்ட் ஏறி இறங்குனதுல மதர்போர்டு அடி வாங்கிருச்சுண்ணே. 3,50,000 ஆகும்." இந்த ஊரில் இதைவிட எளிதாக விலைபோகும் பொய் கிடையாது. கரண்ட் போய் வரும்போது ஃபிரிட்ஜ் எரிந்த வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. கையில் பணம் இல்லாததால்தான் தப்பித்தேன், இல்லாவிட்டால் அங்கேயே சரி என்றிருப்பேன். பார்த்த கூலி என்று 20,000 வாங்கிக்கொண்டுதான் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

பக்கத்து ஊரான தன்லினில் இருக்கும் அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். "மதர்போர்டு செத்திருந்தா அந்த எழுத்தே திரையில வராது மாமா" என்று, விண்டோஸ் எழும் முன்பே திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போனான். புது எஸ்எஸ்டியின் பெயரும் அளவும் அதில் சரியாகத் தெரிந்தன. எதிலிருந்து எழ வேண்டும் என்று காட்டும் பூட் வரிசையில்தான், விண்டோஸை எழுப்பிவிடும் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இல்லை. மூடியைக் கழற்றினான். பழைய டிஸ்க் இருந்த இடம் காலி.

அவன் சொன்ன பிறகுதான் விளங்கியது. விண்டோஸ் ஏற்றும்போது இரண்டு டிஸ்க்கும் உள்ளே இருந்திருக்கின்றன. பழையதில் ஏற்கனவே இஎஃப்ஐ என்கிற சின்னப் பகுதி உண்டு, கம்ப்யூட்டர் எழும்போது முதலில் தேடுவது அதைத்தான். அது இருப்பதைப் பார்த்த விண்டோஸ், எழுப்பிவிடும் கோப்புகளை அங்கேயே வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் எஸ்எஸ்டியில் போட்டிருக்கிறது. பழையது உள்ளே இருந்தவரை ஓடியது. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் அதை உருவிவிட்டார்கள். வீடு இங்கே, சாவி அங்கே.

சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆனது, அதில் பாதி கரண்டுக்குக் காத்திருந்தது. பென் டிரைவில் விண்டோஸ் 11 போட்டு அதிலிருந்து எழுப்பி, ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்தினால் கட்டளைத் திரை வரும். டிஸ்க்கைப் பகுதி பிரிக்கும் டிஸ்க்பார்ட்டில் எஸ்எஸ்டியிலிருந்து 300 எம்பி சுருக்கி, அந்த இடத்தில் இஎஃப்ஐ பகுதி உருவாக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, எழுப்பிவிடும் கோப்புகளை எழுதும் பிசிடிபூட் கட்டளையைக் கொடுத்தான். ரீஸ்டார்ட் செய்ததும் எழுந்தது. 3,50,000 கியாட் மதர்போர்டு!

கடைக்காரருக்கு இது தெரியாமல் நடந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். பூட் கோப்பு விஷயம் தெரியாமல் இருந்திருக்கலாம். டிஸ்க்கை எடுத்தது தெரியாமலா?

திரும்பப் போய்க் கேட்டேன். முதலில் "அது பழுதுண்ணே, தூக்கிப் போட்டாச்சு". குரலை உயர்த்தியதும் மேஜை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். 500 ஜிபி, வேறு கம்பெனி. நல்லவேளை, மருமகன் என்றைக்கோ மூடி திறந்தபோது டிஸ்க்கைப் போட்டோ எடுத்து வைத்திருந்தான், சீரியல் நம்பர் அதில் இருந்தது. காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வித்துப் போச்சுண்ணே" என்றார்.

அதில் ஏழு வருஷக் கணக்கு, குழந்தைகள் போட்டோ, எங்கள் குடும்பப் பட்டியல் (வீட்டிலுள்ளவர்கள் பெயரைப் பதிந்த அரசு ஆவணம்), அடையாள அட்டைகளின் ஸ்கேன் எல்லாம் இருக்கின்றன. அவர் ஃபார்மட் செய்துதான் விற்றாரா, அப்படியேவா, வாயைத் திறக்கவில்லை. மெயில் பாஸ்வேர்டுகளை அன்றிரவே மாற்றினேன். அட்டைகளை மாற்ற முடியாதே.

யாங்கோனில் சமீபத்தில் பழைய 1 டிபி லேப்டாப் டிஸ்க் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், உள்ளே 'உளுந்து 2021' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது என்னுடையது. நீங்கள் கொடுத்த விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.