வீட்டின் மூளை எங்கே இருப்பது நல்லது? கொழும்பு வீடொன்றுக்கான ஒப்பீடு

வெள்ளவத்தையிலுள்ள எங்கள் பழைய வீட்டின் வயரிங் முழுவதையும் அண்மையில் மாற்ற வேண்டியிருந்தது. சுவரை உடைக்கும் வேலை ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் நடக்கும் என்பதால், இனி வரும் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு இந்த வீட்டின் விளக்குகளும் கருவிகளும் ஸ்மார்ட் முறையில் எப்படி இயங்க வேண்டும் என்பதையும் அதனுடன் சேர்த்தே திட்டமிட்டோம். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. வைஃபையில் இணைந்து, நிறுவனத்தின் தொலைதூரச் சேவையகம் வழியாக இயங்கும் கருவிகள் முதலாவது. சுவிட்சுகளும் கருவிகளும் ஒன்றோடொன்று பேசுவதற்கென்றே தனிக் கம்பி இழுத்து அமைக்கப்படும் கே.என்.எக்ஸ் என்ற முறை இரண்டாவது. ஜிக்பீ என்ற குறைந்த மின்சக்தி வானொலி அலை முறையில் பேசும் கருவிகளை வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு கணினி ஆளும் முறை மூன்றாவது. நாங்கள் தெரிவு செய்தது மூன்றாவதை. ஆகவே இந்த அலசலும் அதன் பக்கமே சாய்ந்திருக்கும்.

வைஃபைக் கருவிகளின் விலையையும் வசதியையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கடையில் வாங்கிய அன்றே பொருத்திவிடலாம், கைபேசியிலிருந்து இயக்கலாம். என் கவலை பத்தாவது ஆண்டைப் பற்றியது. சுவருக்குள் இருக்கும் கருவி நன்றாக இருந்தாலும், அதற்குக் கட்டளை அனுப்பும் சேவையகத்தை நிறுவனம் மூடிவிட்டால் அதன் அறிவு அன்றோடு போய்விடும். ரெவோல்வ் என்ற மையக் கருவி 2016 மே மாதத்தில் இப்படித்தான் செயலிழக்கச் செய்யப்பட்டது. இன்ஸ்டியோன் நிறுவனத்தின் சேவையகங்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவித்தல் எதுவுமின்றி நின்றன. பிறகு பாவனையாளர் சிலர் சேர்ந்து அதை வாங்கி மீட்டனர். பெல்கின் நிறுவனமோ தன் வீமோ கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கான சேவை 2026 ஜனவரி 31 உடன் முடியும் என்று 2025 ஜூலையில் அறிவித்தது. நாற்பது ஆண்டுகள் நிற்கப்போகும் சுவருக்குள் இத்தகைய வாக்குறுதியைப் புதைக்க எனக்கு மனம் வரவில்லை.

கே.என்.எக்ஸ் இதற்கு நேர்மாறானது. சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது, 500-க்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்களின் பொருள்கள் ஒன்றோடொன்று பேசும், இணையம் தேவையே இல்லை. விலை மிக அதிகம் என்பது எல்லோரும் அறிந்தது. அதைவிட என்னைத் தடுத்தது வேறொன்று. இந்த அமைப்பு முழுவதும் ஈ.டி.எஸ் என்ற மென்பொருளில் வடிவமைக்கப்படுகிறது. அந்தத் திட்டக் கோப்பு அமைத்துக் கொடுத்தவரிடமே தங்கிவிட்டு, அவர் தொழிலை விட்டாலோ வெளிநாடு போய்விட்டாலோ, ஒரு சுவிட்சின் வேலையை மாற்றுவதற்குக்கூட எல்லாவற்றையும் புதிதாக எழுத நேரலாம். கே.என்.எக்ஸ் பொருத்திய வீட்டில் நான் வாழ்ந்ததில்லை. புதிதாகக் கட்டுபவர்கள், கோப்பைத் தம் கையில் எழுத்துபூர்வமாக வாங்கிக்கொள்ள முடிந்தால், இதையே நாடுவது சரியாக இருக்கலாம்.

எங்கள் திட்டத்தின் அடிப்படை ஒரே நிபந்தனைதான். கணினி பழுதானாலும், இணையம் இல்லாவிட்டாலும், நான் ஊரில் இல்லாவிட்டாலும், அம்மா சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும். அதனால் ஸ்மார்ட் மின்குமிழ்களையும் தொடுதிரைச் சுவிட்சுகளையும் தவிர்த்து, சாதாரண சுவிட்சுக்குப் பின்னால், பெட்டிக்குள் அடங்கும் சிறு ஜிக்பீ ரிலேக்களை (கட்டளை கிடைத்ததும் மின்சாரத்தை இணைக்கும், துண்டிக்கும் கருவிகளை) வைத்தோம். வீட்டுக் கணினியில் ஓடி இவற்றை ஆளும் ஹோம் அசிஸ்டன்ட், 2013-இல் தொடங்கப்பட்ட திறந்த மூல மென்பொருள். அது நின்றுபோனால் வீடு வெறும் சாதாரண வீடாக மாறுமே தவிர இருண்டுவிடாது. ரிலேயே பழுதானாலும் எந்த மின் வேலைக்காரரும் அதைக் கழற்றிவிட்டுக் கம்பிகளை நேரடியாக இணைத்துத் தரலாம். பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான்: என்னைத் தவிர வேறொருவரால், இந்தத் தொழில்நுட்பமே தெரியாத ஒருவரால், வீட்டை மீட்க முடிய வேண்டும்.

இதற்கு ஒரு முன்தேவை உண்டு. எங்கள் வீடு போன்ற பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்கு லைவ் கம்பி மட்டுமே வந்து போகும். மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி மேலே விளக்கோடு நின்றுவிடும். ரிலேக்களில் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் இயங்குபவையும் கிடைக்கின்றன, ஆனால் குறைந்த வாற்று எல்.ஈ.டி விளக்குகள் அவற்றால் அணைந்த பின்னும் மங்கலாக மினுங்கக் கூடும். ஆகவே இப்போது வயரிங் செய்பவர்கள் எந்த முறையைத் தெரிவு செய்தாலும், எதையுமே தெரிவு செய்யாவிட்டாலும், ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள். ஆழமான பெட்டிகளையே பதிக்கச் சொல்லுங்கள். கம்பிச் செலவு சற்றே கூடும். பிறகு செய்வதென்றால் பூச்சையும் பெயின்ரையும் சேர்த்து உடைக்க வேண்டும்.

மின்வெட்டையும் நாங்கள் கணக்கில் எடுத்தோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததையும், 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருண்டதையும் பார்த்தவர்கள் இதைக் கேள்வி கேட்கமாட்டார்கள். கணினிக்கும் ரவுட்டருக்கும் சிறிய யூ.பி.எஸ் ஒன்று போதும். கணினியின் தரவுகளை மெமரி கார்டில் வைக்காமல் எஸ்.எஸ்.டி-யில் வைப்பது நல்லது. மின்சாரம் திடீரெனப் போகும் ஊரில் கார்டுகள் சீக்கிரம் கெடும். ஜிக்பீயின் பலவீனம் ஒன்றையும் மறைக்கக் கூடாது. சுவரிலுள்ள ரிலேக்கள்தாம் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குச் சமிக்ஞையைக் கடத்துகின்றன. மின்சாரம் போனதும் அவையும் நின்றுவிடுவதால், தூரத்து அறையிலுள்ள பற்றரி உணரிகள் கணினியை எட்டாமல் போகலாம். வாயு, தீ எச்சரிக்கை போன்றவை அதனால் தாமாகவே ஒலி எழுப்பும் வகையாக இருக்க வேண்டும்.

அயல் தொடர்மாடிகளின் வைஃபை நெரிசலும் ஒரு தொல்லை, ஏனெனில் வைஃபையும் ஜிக்பீயும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலேயே இயங்குகின்றன. ஜிக்பீயை 25-ஆம் சானலுக்கு மாற்றியதும் எங்கள் வீட்டில் நிலைமை சீரானது. தண்ணீர் மோட்டாரை மட்டும் சிறு ரிலேயில் நேரடியாக இணைக்க வேண்டாம். தொடங்கும் கணத்தில் அது பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். இடையில் அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் கொன்ராக்டர் என்ற பெரிய சுவிட்ச் ஒன்று அவசியம்.

கடற்காற்று இந்த ரிலேக்களை எத்தனை ஆண்டுகளில் அரிக்கும் என்பதை எங்கள் குறுகிய அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. வீட்டின் கடற்கரைப் பக்கத்தில் உள்ளவற்றை ஆண்டுதோறும் திறந்து பார்ப்பதாகத் திட்டம். வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்மார்ட் கருவிகளுக்குப் பொதுவாக 2022-இல் வெளிவந்த மேட்டர் தரத்தையும் கவனித்து வருகிறோம். அதன் கருவிகள் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பேசிக்கொள்ளக் கூடியவை. ஹோம் அசிஸ்டன்ட் அவற்றையும் ஏற்கும் என்பதால் பழையதைக் கழற்றாமலே புதியதைச் சேர்க்கலாம். வாடகைத் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இந்த வாதங்களில் பாதி பொருந்தாது. சுவரைத் தொட முடியாத அவர்கள், வீடு மாறும்போது கையோடு எடுத்துச் செல்லக்கூடிய ஓரிரு ஸ்மார்ட் பிளக்குகளோடு நிறுத்திக்கொள்வதே சிக்கனம்.