பி.ஏ. பசங்க சொந்தமா ரிசர்ச் பேப்பர் படிக்கணும்னா: தரமணி ரோஜா முத்தையா நூலகம், 5/5

காலேஜ் செமினார்ல பேப்பர் படிக்கணும்னா நெட்ல நாலு கட்டுரைய எடுத்து ஒட்டி பிபிடி போட்டுட்டு போறதுதான் இங்க வழக்கம். அப்படி இல்லாம நாமளே கண்டுபிடிச்ச ஒண்ணை மேடையில சொல்லணும்னு ஆசை இருந்தா நேரா இங்க போங்க. நான் பி.ஏ. ஹிஸ்டரி ஃபைனல் இயர், பழைய நாடக நோட்டீஸ்கள் பத்திதான் என் பேப்பர்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளா சேர்த்து வச்ச கலெக்‌ஷன் இது. புக்கு மட்டும் இல்ல, பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ்னு மத்தவங்க எடைக்குப் போடுற சமாச்சாரம் அத்தனையும் சேர்த்திருக்கார் மனுஷன். 1992ல அவர் இறந்ததுக்கு அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்குச்சு, ஆனா அங்க தூக்கிட்டுப் போகாம சென்னையிலயே வச்சு 1994ல லைப்ரரியா ஆரம்பிச்சாங்க. அந்த ஒரு முடிவுக்கு எவ்ளோ நன்றி சொன்னாலும் தகும், இல்லன்னா என்னை மாதிரி ஸ்டூடன்ட் கைக்கு இதெல்லாம் எங்க வரப்போகுது.

புக்கை வீட்டுக்குத் தர மாட்டாங்க, கேட்டலாக்ல தேடி எழுதிக் கொடுத்தா எடுத்துத் தருவாங்க, அங்கயே உக்காந்து படிக்கணும். நான் பாத்த நோட்டீஸ்ல நடிகர் பேரு, பாட்டுக்காரர் பேரெல்லாம் பெரிய எழுத்துல போட்டுட்டு கீழ பொடி எழுத்துல டிக்கெட் ரேட்டு, சேருக்கு ஒண்ணு, பெஞ்சுக்கு ஒண்ணு, தரைக்கு ஒண்ணு, அதுக்கும் கீழ பெண்களுக்கு தனி இடம்னு ஒரு வரி. யாரு எங்க உக்காந்து நாடகம் பாத்தாங்கங்கற என் பேப்பர் மொத்தமும் அந்த ரெண்டு மூணு வரியிலிருந்துதான் வந்துச்சு.

செமினார் நடத்தின காலேஜ்ல ஃபீஸ் வாங்கிட்டு ஆளுக்கு அஞ்சு நிமிஷம்தான் குடுத்தாங்க, அதுல ரொம்ப வருத்தம். ஆனா ஜட்ஜ் மேடம் ஆதாரம் எங்கம்மான்னு கேட்டப்ப நோட்டீஸோட ஸ்லைடை போட்டேன், அதுக்கப்புறம் அவங்க கேட்டதெல்லாம் நிஜமான கேள்வி, நம்மளையும் ஆராய்ச்சி பண்றவளா மதிச்சு கேட்ட கேள்வி.

போறவங்களுக்கு ஒண்ணு, டாபிக்க சின்னதா வச்சுக்கோங்க. சுதந்திரப் போராட்டத்தில் பெண்கள்னு போய் நின்னா எதை எடுக்கறதுன்னே தெரியாது, 1930கள்ல வந்த ஒரு பத்திரிகை, அதுல ஒரு வருஷ இதழ்கள், அதுல வந்த விளம்பரங்கள் மட்டும்னு போனா ஒரு பேப்பருக்கு தாராளமா போதும். சிந்துவெளி பக்கம் ஆர்வம் இருக்கறவங்களுக்கு 2007ல ஆரம்பிச்ச சிந்துவெளி ஆய்வு மையமும் இங்கயேதான், கல்வெட்டு, சிந்துவெளி எழுத்து ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் ஐயா முன்னின்னு நடத்தினது. பழைய அச்சுல றா, னை எல்லாம் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தின எழுத்துல இருக்கும், முதல்ல கண்ணு திணறும், கொஞ்ச நேரத்துல பழகிடும். காலேஜ் ஐடி கார்டு, டிபார்ட்மென்ட்ல ஒரு லெட்டர், பென்சில் கையில வச்சுக்கோங்க, ஸ்கேன் வேணும்னா என்ன சார்ஜுன்னு முன்னாடியே போன் பண்ணி கேட்டுட்டு கிளம்புங்க.