பன்னிரண்டு சொல்லும் ஒரு வெற்று வாலட்டும்: பிளாக்செயின் அடையாள ஆப் ஒன்றை நான்கு மாதம் ஓட்டிப் பார்த்தேன்

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: 5க்கு 2. என் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 4 கொடுத்திருப்பேன், ஏனென்றால் என்னிடம் எல்லாக் காகிதமும் இருக்கிறது, எனக்கென்று ஒரு போன் இருக்கிறது, ஆங்கிலம் படிக்கத் தெரியும். ஆனால் இந்த ஆப்பை இறக்கியது எனக்காக இல்லை. பிறப்புச் சான்று, முகவரிச் சான்று எதுவுமில்லாமல் அலைகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுக்கும் சின்னக் குழு ஒன்றில் வார இறுதிகளில் உட்காருகிறேன். "உங்கள் அடையாளம் உங்கள் கையில், யாரையும் நம்பத் தேவையில்லை" என்று விளம்பரத்தில் பார்த்ததும், சரி, நம்மிடம் வருகிறவர்களுக்கு உதவுமா பார்ப்போம் என்று தொடங்கினோம். பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வகையில் நான் தொட்டுப் பார்த்த மூன்று ஆப்களும் ஏறக்குறைய ஒரே அச்சு.

நல்லதை முதலில் சொல்கிறேன். ஒரு அலுவலகமோ கல்லூரியோ தன் டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டுச் சான்றிதழ் தருகிறது, அது உங்கள் போனில் வாலட் என்ற டிஜிட்டல் பெட்டியில் உட்கார்ந்துகொள்கிறது. கையெழுத்து அசல்தானா என்று சரிபார்க்கத் தேவையான சாவியும், சான்றிதழ் ரத்தாகிவிட்டதா என்ற பதிவும் மட்டும் பிளாக்செயினில், அதாவது பல கணினிகளில் ஒரே மாதிரி வைக்கப்படும், எழுதியதை அழிக்க முடியாத பதிவேட்டில் இருக்கும். சரிபார்க்கிறவர் கொடுத்த அலுவலகத்துக்குப் போன் போட வேண்டியதில்லை. இந்தச் சாவிகளைத் தேடியெடுக்கும் முறைக்கான பொதுவான வரையறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2022 ஜூலையில் அதிகாரபூர்வமாக வெளியிட்டுவிட்டது, அதனால் இது வெறும் காற்றில் கட்டிய கோட்டை இல்லை.

இதில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது வேண்டியதை மட்டும் காட்டும் வசதி. 18 வயது ஆகிவிட்டதா என்று கேட்டால் "ஆம்" மட்டும் போகும். பெயர் போகாது, பிறந்த தேதி போகாது, முகவரி போகாது. சான்றிதழில் இன்னும் பழைய ஆண் பெயரோடு இருக்கும் ஒரு திருநங்கை எங்களோடு உட்கார்ந்து இதைச் சோதித்தார். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் எதிர்த் திரையில் பச்சை டிக் ஒன்று மட்டும் வந்தது. "காகிதத்தைப் பார்த்துட்டு என் மூஞ்சிய ஒருதரம் பார்ப்பாங்களே, அது இதுல இல்ல" என்றார். கணவனின் அடிக்குப் பயந்து வீட்டை விட்டு வந்த பெண்ணுக்கும் முகவரி வெளியே தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாங்கள் பார்த்ததெல்லாம் ஆப்போடு வந்த சோதனைத் திரையில்தான். வெளியே போய்க் கேட்ட எந்தக் கவுண்ட்டரிலும் இதை ஏற்கவில்லை, எல்லாரும் அசல் காகிதம் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

அப்புறம் அந்தப் பன்னிரண்டு சொல். கணக்கு தொடங்கியதும் ஆப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டி, வரிசை மாறாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போன் தொலைந்தால் இதுதான் ஒரே வழி என்கிறது. எங்களிடம் வரும் ஓர் அக்கா, துப்புரவு வேலை செய்கிறவர், கைரேகை தேய்ந்துபோய் எந்த இயந்திரத்திலும் ஒரே தடவையில் விழாது. அவருக்காக நான் ஒரு தாளில் எழுதினேன். சம்பந்தா சம்பந்தமில்லாத ஆங்கிலச் சொற்கள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல என் பேரு எங்க தம்பி இருக்கு?" என்று கேட்டார். பேர் இல்லைக்கா, இது சாவி மாதிரி என்றேன். "படிக்கத் தெரியாத சாவிய நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது, நீயே வச்சுக்க" என்று என்னிடமே நீட்டினார். ஆக, அவர் அடையாளம் அவர் கைக்கு வந்த பத்தாவது நிமிடம் என் கைக்கு வந்துவிட்டது!

இந்தச் சொற்கள் 2048 சொற்கள் உள்ள ஒரு பொதுப் பட்டியலிலிருந்து வருகின்றன. ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம், பிரெஞ்சு, செக் மொழிக்கெல்லாம் பட்டியல் உண்டு, தமிழுக்கு இல்லை, இந்திக்கும் இல்லை. இந்த முறையை யோசித்தவர்கள் மனதில் அக்காவைப் போன்ற ஒருவர் வரவே இல்லை என்பது இந்த ஒன்றிலேயே தெரிந்துவிட்டது.

சொற்கள் வேண்டாம் என்றால் நம்பிக்கையான மூன்று பேரைக் காவலர்களாகச் சேர்த்துக்கொள்ளலாம், அவர்களில் இருவர் சம்மதித்தால் கணக்கு திரும்பக் கிடைக்கும் என்று இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்கே ஒரு போன், அதுவும் கணவர் விரலுக்குத்தான் திறக்கும் என்று இருக்கும் இடத்தில் அந்த மூன்று பேர் யாராக இருப்பார்கள்? கணவர், மாமியார், கொழுந்தன். யாரிடமிருந்து பாதுகாக்க வேண்டுமோ அவர்களே காவல்.

இதெல்லாம் சரிசெய்யக்கூடியதுதான். நான் 2 மட்டும் கொடுத்ததற்குக் காரணம் வேறு. அக்காவின் வாலட்டைத் திறந்தால் "ஆவணங்கள் எதுவும் இல்லை" என்று ஒரு வரி, கீழே ஒரு கூட்டல் குறி. அதை அழுத்தினால் சான்றிதழ் தரக்கூடிய அமைப்புகளின் பட்டியல் வரும். அதில் எதைத் தொட்டாலும் முதலில் ஏற்கெனவே உள்ள அடையாள அட்டை எண்ணைக் கேட்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். கையில் உள்ள சான்றிதழ் திருத்தப்படவில்லை என்று பிளாக்செயின் நிரூபிக்கும், இல்லாத சான்றிதழை அது உண்டாக்காது. அதிகாரபூர்வ அடையாளமே இல்லாதவர்கள் உலகில் ஏறக்குறைய 85 கோடிப் பேர் என்பது உலக வங்கி 2023இல் சொன்ன மதிப்பீடு. இந்த எண்ணைத்தான் இந்தக் கம்பெனிகள் விளம்பரத்தின் முதல் பக்கத்தில் போடுகின்றன, ஆனால் அந்த 85 கோடிப் பேருக்கு இரண்டாவது பக்கத்தில் ஒன்றுமில்லை. அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் அவர் மறுத்ததுதான். கொடுத்த பிறகும் அவர் நினைத்தால் ரத்து செய்யலாம்.

ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் அகதி முகாமிலேயே பிளாக்செயினை வைத்துச் செய்து காட்டியதே என்று சிலர் கேட்பார்கள். 2017இல் ஜோர்டானின் அஸ்ராக் முகாமில் சிரிய அகதிகள் 10,000 பேரோடு தொடங்கினார்கள். முகாம் கடையில் கருவிழியைக் காட்டினால் போதும், உதவித்தொகையிலிருந்து கழிந்துவிடும். வங்கிக் கட்டணம் பெருமளவு குறைந்தது, அது நிஜமான லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த பிளாக்செயின் மூடிய வலை மாதிரி, உள்ளே யார் வரலாம் என்பதை உணவுத் திட்டம்தான் முடிவு செய்தது. அகதி கையில் எந்தச் சாவியும் கிடையாது. இதைப் போய் "தன் அடையாளத்துக்குத் தானே எஜமான்" என்று எழுதும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. கருவிழியைக் கொடுக்க மாட்டேன் என்று ஓர் அகதி சொல்லத்தான் முடியுமா? 2023இல் வேர்ல்ட்காயின் என்ற கிரிப்டோ திட்டம் கருவிழிக்குப் பதில் டோக்கன் (தன் டிஜிட்டல் நாணயம்) தருகிறோம் என்றபோது கென்யாவில் நீண்ட வரிசை நின்றது, ஆகஸ்டில் அரசே அதை நிறுத்தி வைத்தது. அந்த வரிசையில் நின்றவர்கள் தனியுரிமையைப் பற்றி யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அழிக்க முடியாத பதிவு என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், எனக்கு அது பயமாகத்தான் இருக்கிறது. ரோஹிங்கியா அகதிகளிடம் திரட்டிய விவரங்கள் வங்கதேசம் வழியாக மியன்மாருக்கே போய்ச் சேர்ந்ததை மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2021இல் வெளியிட்டது. அதில் பிளாக்செயின் இல்லை, சாதாரணப் பட்டியல்தான். யாரிடமிருந்து ஓடிவந்தார்களோ அவர்கள் கையிலேயே பட்டியல் சிக்கும் உலகத்தில், அழிக்கவே முடியாத பட்டியலை எதற்கு ஆசைப்பட்டுக் கேட்க வேண்டும்? நியாயமாகச் சொன்னால், நான் பார்த்த ஆப் பெயர், படம் எதையும் பிளாக்செயினில் ஏற்றுவதில்லை. நல்லது. ஆனால் சாவியை மட்டும் வைக்க ஒரு நம்பகமான இணையதளம் போதாதா என்ற கேள்விக்கு அவர்களிடம் நேரான பதில் இல்லை. என்றைக்கும் இருக்கும் என்று நம்பிய வலைப்பின்னலும் போகலாம், இந்தத் துறைக்கே முன்னோடியாகப் பேசப்பட்ட சோவ்ரின் வலைப்பின்னல் 2025இல் மூடப்பட்டது.

படித்தவர், அடிக்கடி சான்றிதழ் காட்ட வேண்டியவர், சொந்தப் போன் உள்ளவர் என்றால் தாராளமாகப் போட்டுப் பாருங்கள். எங்களைப் போன்ற குழுக்கள் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பேன், அந்த நேரத்தில் இரண்டு பிறப்புப் பதிவு விண்ணப்பம் முடித்துவிடலாம். தமிழ்ச் சொற்பட்டியல் பற்றியும் அடையாள அட்டை எண் இல்லாதவர்கள் பற்றியும் உதவி மையத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன். முதலாவதற்கு நன்றி என்று தானியங்கிப் பதில் வந்தது. இரண்டாவதற்கு, முதலில் உங்கள் அடையாளத்தை உறுதி செய்யுங்கள் என்று ஓர் இணைப்பு அனுப்பினார்கள்.