ஸ்போர்ட்ஸ் காருக்குப் பேப்பர் ஃபில்டரா, காட்டன் ஃபில்டரா?

சம்பா அறுவடையில் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் சாலையிலேயே நெல் காயும். தூசும் சுணையும், எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். முதல்முறை தானே மாற்றுபவர் எதை வாங்குவது?

விலை: பேப்பர் மலிவு. காட்டன் பல மடங்கு.

ஆயுள்: பேப்பரைக் கழுவக் கூடாது, அழுக்கானால் மாற்ற வேண்டியதுதான். காட்டன் வருடக்கணக்கில் வரும்.

வேலை: பேப்பருக்குக் கிளிப்பைக் கழற்றி, ஃபில்டர் பெட்டியை ஈரத்துணியால் துடைத்து, ரப்பர் விளிம்பு இடைவெளியின்றி உட்கார வைத்தால் போதும். காட்டனை உள்ளிருந்து வெளியே மெதுவாக நீர்விட்டு அலசி, நிழலில் முழுக்க உலர்த்தி, அதற்குரிய எண்ணெயை அளவாகப் பூச வேண்டும். எண்ணெய் கூடினால், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரில் படிந்து ஐட்லிங் (கார் நிற்கும்போது எஞ்சின் ஓடுவது) தடுமாறும். குறைந்தால் தூசு எஞ்சினுக்குள் போகும். ஐப்பசி அடைமழையில் அலசிய ஃபில்டர் காய்வதே பெரும்பாடு.

புதியவருக்குப் பேப்பர்தான், அறுவடை முடிந்ததும் திறந்து பாருங்கள். பொறுமையாகப் பராமரிப்பவர், நெடுநாள் அதே காரை வைத்திருப்பவர் காட்டன் வாங்கலாம். வேகம் கூடும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள், சாலையில் அந்த வித்தியாசம் தெரியாது.