ஹரிச்சந்திரகட் ட்ரெக்குக்குப் பணம் கட்டும் முன் இதைப் படிங்க

புனே, மும்பையில் இருக்கிற நம்ம ஆட்கள் மழை விட்டதும் சஹ்யாத்ரி மலைப் பக்கம் கிளம்பிவிடுவார்கள், அவர்களுக்காகத்தான் இது. இன்ஸ்டாகிராமில் வார இறுதி ட்ரெக் விற்கும் ஒரு குழுவிடம், ஹரிச்சந்திரகட் மலைக்கோட்டைக்குப் போக, தலைக்கு 1,600 ரூபாய் ஜிபேயில் கட்டினோம். விளம்பரத்தில் போட்டிருந்தது கீரேஷ்வர் வழி: அடிவாரத்தில் பழைய நாகேஷ்வர் கோயில், அப்புறம் தோலார் கிண்ட் கணவாய், கம்பியைப் பிடித்து ஏறும் பாறை, மேலே ஹரிச்சந்திரேஷ்வர் கோயில், கேதாரேஷ்வர் குகை, கடைசியில் கொங்கண் கடா என்ற செங்குத்துப் பாறை விளிம்பு. சின்னக் கூட்டம்தான், கோட்டை வரலாறு சொல்ல ஆள் வருவார் என்றும் இருந்தது.

ராத்திரி வந்து நின்றது இரண்டு பஸ். ஏறிப் பேச்சுக் கொடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது: ஒவ்வொருவரும் வெவ்வேறு இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பணம் கட்டியவர்கள், அந்தப் பக்கங்களுக்கு வேலை ஆள் பிடித்துக் கொடுப்பது மட்டும்தான், கூட்டிப்போவது ஒரே ஆள். பக்கத்து சீட் பையன் கட்டியது 999.

விடியற்காலையில் இறக்கிவிட்ட ஊர் பாச்னை. மலைக்கு அந்தப்பக்கம்! பாச்னை வழியைக் குறை சொல்லவில்லை, இருப்பதிலேயே சுலபம் அதுதான், முதல்முறை ஏறுபவர்களுக்கு நான்கூட அதைத்தான் சொல்வேன். ஆனால் நாங்கள் கேட்டதும் காசு கொடுத்ததும் அதற்கில்லை, நாகேஷ்வர் கோயிலின் விதானச் சிற்பங்களைப் பார்க்கத்தான் பாதிப்பேர் வந்திருந்தோம். கேட்டதற்கு, கீரேஷ்வர் வழியை வனத்துறை மூடிவிட்டதாக லீடர் சொன்னான். மேலே போனால், அன்று காலை அதே வழியில் ஏறிவந்த மும்பைக் கூட்டம் உட்கார்ந்து பிட்லாவும் (கடலைமாவுக் குழம்பு) பாக்ரியும் (தடித்த ரொட்டி) சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

லீடர் ஒரு கல்லூரிப் பையன், கோயிலுக்கு எப்படிப் போவது என்று எலுமிச்சை ஜூஸ் கடையில் விசாரித்தவன். வரலாறு சொல்லும் ஆள் வரவே இல்லை. குகை வேண்டாம், நேரமாகிறது என்று எல்லோரையும் கொங்கண் கடாவுக்கு ஓட்டிப்போய் ட்ரோன் வீடியோ எடுத்தார்கள். இந்திரவஜ்ரம், அதாவது முழு வட்ட வானவில், காட்டுவதாக வேறு விளம்பரம். 19-ஆம் நூற்றாண்டில் கர்னல் சைக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி இங்கே பார்த்ததாகச் சொல்வார்கள். முதுகுப்பக்கம் வெயிலும் கீழே பள்ளத்தில் மூடுபனியும் ஒன்றாக அமைந்தால்தான் தெரியும், அதை எப்படி டிக்கெட்டில் சேர்த்து விற்கிறார்கள்? அன்றைக்கு வெள்ளையாகப் பனி மட்டும்தான்.

நாங்கள் சிலர் பிரிந்து, கடைக்கார காகா (மராத்தியில் பெரியவரை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) வழிகாட்ட, குகைக்குப் போனோம். உள்ளே ஐஸ் மாதிரித் தண்ணீர், நடுவில் ஆளுயர லிங்கம், சுற்றி நான்கு தூண்களில் மூன்று உடைந்து ஒன்று மட்டும் நிற்கிறது. தூணுக்கொரு யுகமாம், இதுவும் விழுந்தால் கலியுகம் முடியுமாம், காகா சொன்னது. எங்களுக்குக் கிடைத்த வரலாறு அவ்வளவுதான்.

பாதிப் பணமாவது கேட்டோம். வழியை மாற்ற எங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு பதில், அப்புறம் பிளாக். கமென்ட்டையும் அழித்துவிட்டார்கள், ஆனால் எங்கள் குரூப் போட்டோ மட்டும் அடுத்த வார விளம்பரத்தில் பளிச்சென்று இருக்கிறது, மேலே அதே "கீரேஷ்வர் வழி".

பணம் அனுப்பும் முன் ஏறும் கிராமம் எது, பஸ் யாருடையது, லீடர் இதற்கு முன் அந்த வழியில் போயிருக்கிறாரா என்று வாட்ஸப்பில் எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஏஜெண்ட்டே இல்லாமலும் போகலாம்: ஆளேபாட்டாவிலிருந்து கல்யாண் போகும் பஸ்ஸில் கூபி பாட்டாவில் இறங்கினால், அணைக்கரையோடு கொஞ்ச தூரத்தில் கீரேஷ்வர். சாப்பாட்டுக்கும் வழிகாட்டிக்கும் ஊருக்குள்ளேயே கேளுங்கள், காசும் அவர்கள் கைக்கே போகும்.